ஆங்கிலச் சொல்லிடம் ஊரும் கப்பலும் கேட்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் முன்பின் தெரியாத ஒருவர் மூத்த பாட்டி ஒருவரின் எதிரே போய் நின்றால், பெயரைக் கேட்பதற்கு முன்பே அவர் வேறு சில கேள்விகளைக் கேட்டுவிடுவார். "எந்தத் தோட்டம்யா? எந்த டிவிசன்? யாரு வீட்டுப் புள்ள? ஒங்க தாத்தா எந்தக் கப்பல்ல வந்தாரு?" பதில்கள் ஒன்றோடொன்று பொருந்திவிட்டால் காப்பி வரும். 1926இல்தான் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பலில் தம் தாத்தா 1910இலேயே வந்து இறங்கினார் என்று எவரேனும் சொன்னால், பாட்டி மறுத்து ஒன்றும் பேசமாட்டார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்.

ஆங்கிலச் சொற்களும் மரபுத்தொடர்களும் எங்கிருந்து வந்தன என்று ஆராய்வதற்கு இதைவிடச் சிறந்த முறை எனக்குத் தெரியவில்லை. என் மாலை வகுப்புக்கு வரும் நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்கள் வாரம் ஒரு சொற்கதையாவது புலனத்திலிருந்து (வாட்ஸ்அப்) கொண்டுவருகிறார்கள். அவற்றில் பாதிக்கு மேல் பொய். ஆனால் எல்லாமே அழகான கதைகள். அழகுதான் இதில் முதல் ஆபத்து. மெய்யான சொற்பிறப்பு பெரும்பாலும் சற்று வறண்டதாகவும், நடுவில் ஓரிடத்தில் அறுந்து போனதாகவும் இருக்கும். முழுமையாகவும் வேடிக்கையாகவும் பொருந்துகிற கதையை, பின்னாளில் எவரோ உட்கார்ந்து தைத்த சட்டை என்று முதலில் ஐயப்படுவதே நல்லது.

முதல் கேள்வி: எந்த ஆண்டு?

ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதியின் முதல் பகுதி 1884இல் வெளிவந்து, முழு அகராதியும் 1928இல்தான் நிறைவடைந்தது. அவ்வளவு காலம் பிடித்ததற்கு முக்கியமான காரணம், ஒவ்வொரு சொல்லும் எழுத்தில் எப்போது முதலில் தென்பட்டது என்பதை ஆண்டு குறித்த மேற்கோளோடு காட்டுவது என்று அதன் ஆசிரியர்கள் எடுத்துக்கொண்ட உறுதி. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் பழைய நூல்களைப் படித்து, சீட்டுகளில் மேற்கோள் எழுதி அனுப்பினார்கள். இன்று அந்த உழைப்பின் பயனை நாம் கைப்பேசியிலேயே பெறலாம். மெரியம்-வெப்ஸ்டர் அகராதியின் இணையதளத்தில் ஒரு சொல்லைத் தேடி, பக்கத்தின் கீழே இறங்கிப் பார்த்தால், அதன் முதல் பயன்பாட்டு ஆண்டு இலவசமாகவே கிடைக்கும். பொருளை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடும் பழக்கத்தை மாணவர்கள் விட வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

சென்ற மாதம் ஒரு மாணவன், 'நியூஸ்' என்ற சொல் வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய நான்கு திசைகளின் ஆங்கில முதலெழுத்துகளால் ஆனது என்று சொன்னான். "நாலு பக்கத்துலேர்ந்தும் வர்றதுதானே ஐயா செய்தி?" என்ற அவனுடைய வாதத்தை நான் உடனே தள்ளிவிடவில்லை, ஆண்டைப் பார்க்கச் சொன்னேன். 'நியூஸ்' இடைக்கால ஆங்கிலத்திலேயே இருந்தது. 'புதியது' என்று பொருள்படும் 'நியூ' என்ற சொல்லின் பன்மை வடிவம் அது, அவ்வளவுதான். முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் உண்டாக்கும் வழக்கமோ ஆங்கிலத்தில் 20ஆம் நூற்றாண்டில்தான் பரவலாயிற்று. இதிலிருந்து ஒரு விதியை வைத்துக்கொள்ளலாம். 20ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட எளிய சொல் ஒன்றை எவரேனும் முதலெழுத்துச் சுருக்கம் என்று விளக்கினால், ஐயமின்றி மறுத்துவிடலாம் என்ற அளவுக்கு அந்த விளக்கம் பொய்யாக இருக்கும். 'டிப்' என்ற அன்பளிப்புக்குச் சொல்லப்படும் மூன்றெழுத்துக் கதையும், 'கோல்ஃப்' பற்றிய நான்கெழுத்துக் கதையும் இந்த விதியில் அடிபட்டுப் போகின்றன.

'போஷ்' என்ற சொல்லின் கதை மட்டும் என்னை ஏமாற்றியது. இந்தியாவுக்கும் கீழ்த்திசைக்கும் கப்பலில் போய்வந்த வெள்ளைக்காரச் செல்வந்தர்கள், வெயில் படாமலிருக்கப் போகும்போது இடப்பக்க அறையும் திரும்பும்போது வலப்பக்க அறையும் கேட்டு வாங்கினார்கள் என்றும், 'போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்' என்பதைச் சுருக்கி அந்தப் பயணச்சீட்டில் அச்சிட்ட நான்கு முதலெழுத்துகளே 'ஆடம்பரமான' என்று பொருள்படும் இச்சொல்லாயிற்று என்றும் நான் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிவந்தேன். அப்படி எழுத்து அச்சிட்ட பயணச்சீட்டு ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை என்பதைப் பின்னால்தான் படித்தேன். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குத் தளச்சீட்டில் வந்த நம்முடைய பாட்டனார்களுக்கு இடப்பக்கம், வலப்பக்கம் என்ற கவலையே இருந்ததில்லை. தளத்தில் எல்லாப் பக்கமும் ஒரே வெயில்தான். அந்த ஒப்பீட்டின் கவர்ச்சியால்தான் நான் கதையைச் சோதிக்காமலேயே நம்பியிருக்கிறேன் என்று இப்போது படுகிறது.

விதிக்கு விலக்கும் உண்டு. 'ஓகே' உண்மையிலேயே ஒரு சுருக்கம்தான். 1830களின் இறுதியில் பாஸ்டன் நகரச் செய்தித்தாள்களில், சொற்களை வேண்டுமென்றே தப்பாக எழுதி அவற்றைச் சுருக்குவது ஒரு விளையாட்டாக இருந்தது. 'எல்லாம் சரி' என்று பொருள்படும் 'ஆல் கரெக்ட்' என்ற ஆங்கிலத் தொடரை 'ஓல் கொரெக்ட்' என்று பிழையாக எழுதிச் சுருக்கிய வடிவம் 1839 மார்ச் 23ஆம் நாள் பாஸ்டன் மார்னிங் போஸ்ட் இதழில் அச்சானது. மறு ஆண்டு, 'ஓல்டு கிண்டர்ஹுக்' என்ற செல்லப்பெயர் கொண்ட மார்ட்டின் வான் பியூரன் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்றபோது, அதே இரண்டு எழுத்துகள் அவருடைய ஆதரவாளர்களின் முழக்கமாகிப் பரவின. இதை 1960களில் நிறுவியவர் ஆலன் வாக்கர் ரீட் என்ற மொழியறிஞர். அவர் கதை சொல்லவில்லை. பழைய செய்தித்தாள்களைப் புரட்டி நாளும் பக்கமும் காட்டினார்.

இரண்டாவது கேள்வி: சொல் முந்தியதா, கதை முந்தியதா?

பெருமழைக்கு ஆங்கிலத்தில் 'ரெயினிங் கேட்ஸ் அண்டு டாக்ஸ்' என்பார்கள். பூனையும் நாயுமாகப் பெய்கிறது என்பது சொல்லுக்குச் சொல் பொருள். இதற்குச் சொல்லப்படும் விளக்கம், பழைய இங்கிலாந்தில் பூனைகளும் நாய்களும் வைக்கோல் கூரையில் படுத்திருக்கும், மழை பெய்தால் வழுக்கிக் கீழே விழும் என்பது. இந்த விளக்கத்தை உலகெங்கும் பரப்பியது 1999இல் சுற்றிவந்த ஒரு மின்னஞ்சல். 1500களின் வாழ்க்கை எப்படியிருந்தது என்று சொல்லிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு சொற்கதைகளை அது கட்டிவிட்டது. தொடரோ ஜானதன் ஸ்விஃப்ட் 1738இல் வெளியிட்ட நூலில் இதே வடிவத்திலேயே இருக்கிறது. தொடருக்கு இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல் வயது. கதை நேற்றுப் பிறந்தது.

இதற்கு அகராதிகூட வேண்டியதில்லை. அத்தாப்புக் கூரை போட்ட வீட்டில் வளர்ந்த எவரைக் கேட்டாலும், நன்றாக வேய்ந்த கூரையில் மழைநீர் மேலோடு வழிந்துவிடும் என்றும், மழை தூறத் தொடங்கியவுடனேயே பூனை அடுப்படிக்கு ஓடிவிடும் என்றும், நாய் கூரை ஏறாது என்றும் சொல்வார்கள். 'அத்தாப்' என்பதும் கூரை என்ற பொருளுடைய மலாய்ச் சொல்லாக இருந்து ஆங்கில அகராதிக்குள் போனது என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். பூனை, நாய்த் தொடரின் மூலத்தைப் பொறுத்தவரை நல்ல அகராதிகள் 'உறுதியில்லை' என்றே எழுதுகின்றன. மாணவர்களுக்கு இது ஏமாற்றம்தான். தேர்வுத் தாளில் வெற்றிடம் விடக் கூடாது என்று பழக்கிவிட்டு, ஆராய்ச்சியில் வெற்றிடம் விடுவதே நேர்மை என்று சொன்னால் அவர்கள் விழிக்கத்தான் செய்வார்கள்.

'ரூல் ஆஃப் தம்ப்' என்ற தொடரும் இப்படித்தான். கட்டைவிரல் தடிமனுக்கு மேற்படாத கோலால் மனைவியை அடிக்கலாம் என்ற ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து இது வந்தது என்கிறார்கள். அப்படியொரு சட்டம் இருந்ததில்லை. 1782இல் ஒரு நீதிபதி அவ்வாறு கூறியதாகக் கேலிச்சித்திரங்கள் வரையப்பட்டது உண்மை. ஆனால் தொடர் அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, அளவுகோல் இல்லாமல் அனுபவத்தால் மதிப்பிடுவது என்ற பொருளில் வழங்கிவந்தது. நம்மவர்கள் கைக்கணக்கு, கண்ணளவு என்று சொல்வதற்கு இது மிக நெருக்கமானது.

மூன்றாவது கேள்வி: எந்தக் கப்பல்?

சொல் எந்தெந்த மொழி வழியாக வந்தது என்பதே இந்தக் கேள்வி. நம் ஊரில் இருப்பவர்களுக்கு இது எல்லாவற்றிலும் சுவையான பகுதி. ஏனென்றால் தமிழும் மலாயும் ஹொக்கியன் சீனமும் ஆங்கிலமும் ஒரே கடைத்தெருவில் காதில் விழும் ஊரில், பாதி வழியை நாமே கேட்டறிந்திருக்கிறோம்.

'கோடவுன்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, அகராதிப் பதிவை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். சேமிப்புக் கொட்டகை என்ற பொருளுக்குக் கீழே, போர்த்துக்கீசியத்தில் 'குதாவ்' என்று வழங்கிய சொல் காட்டப்பட்டிருக்கும். அதற்கு மூலமாகத் தமிழ்க் 'கிடங்கு', மலையாளம், கன்னடம் அல்லது தெலுங்கு வடிவங்கள் வரிசையாக வரும். அந்த 'அல்லது' என்ற சொல்லை விரலால் தொட்டுக் காட்டுங்கள். தமிழிலிருந்து மட்டுமே போயிற்று என்று அகராதி சொல்லவில்லை; தென்னிந்தியக் கரையில் வழங்கிய ஒரு குடும்பச் சொல் போயிற்று என்கிறது. அடுத்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைத் திறந்து 'கிடங்கு' என்று தேடினால், பள்ளம், அகழி ஆகிய பொருள்களும் பண்டகசாலை என்ற பொருளும் சேர்ந்தே கிடைக்கும். பிறகு மலாய் 'குடாங்' என்ற சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கிடங்கு கப்பலேறிப் போய், ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு 'கோடவுன்' என்று நம் வாய்க்கே திரும்பிவந்து, நாம் அதை வெள்ளைக்காரச் சொல் என்று நினைக்கிறோம்.

'காம்பவுண்டு' இன்னும் வேடிக்கையானது. சுற்றுச்சுவருக்குள் அமைந்த இடத்தைக் குறிக்கும் இந்த ஆங்கிலச் சொல், மலாய்க் 'கம்போங்' என்பதிலிருந்து போர்த்துக்கீசியர் அல்லது டச்சுக்காரர் வழியாக வந்தது என்றே பெரும்பாலான அகராதிகள் கருதுகின்றன. வேதியியல் பாடத்தில் வரும் 'காம்பவுண்டு' முற்றிலும் வேறு. அது ஒன்றாக வைத்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. எழுத்து ஒன்று, ஒலி ஒன்று, பிறந்த ஊர் வேறு வேறு. தோட்டத்துத் துரை பங்களாவின் 'காம்பவுண்டு' சுவருக்கு அப்பால் இருந்த கம்பத்துக்கும், அந்தச் சுவருக்கும் ஒரே பெயர் என்பதை என் வகுப்பில் சொன்னபோது மாணவர்கள் நம்ப மறுத்தார்கள். பதிவைக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் அப்படி மறுத்தது எனக்கு மகிழ்ச்சியே.

தேயிலை வைக்கும் சிறு பெட்டிக்கு ஆங்கிலத்தில் 'டீ கேடி' என்று பெயர். கிலோ வருவதற்கு முன் நம் மளிகைக் கடைகளில் மீனும் வெங்காயமும் நிறுத்த 'காத்தி' என்ற எடைதான் அந்தக் 'கேடி'. ஒரு காத்தி ஏறத்தாழ 605 கிராம். பதினாறு தாஹில் சேர்ந்தது ஒரு காத்தி, நூறு காத்தி சேர்ந்தது ஒரு பிக்குல். எடையின் பெயர், அந்த எடைக்குத் தேயிலை கொண்ட பெட்டிக்கு ஏறி, பிறகு எந்த அளவுப் பெட்டிக்கும் பொதுவாகிவிட்டது. கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கும் 'கேடி'க்கும் இதற்கும் உறவில்லை. அது 'கேடட்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. 'கெச்சப்' 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது அதில் தக்காளி கிடையாது. ஹொக்கியன் பேசுவோர் மீனை உப்பிலிட்டு வடித்த சாற்றின் பெயர் அது. அதே சொல்தான் இங்கே 'கிச்சாப்' என்று சோயா சாற்றுக்கு ஆகியிருக்கிறது.

பால்வெட்டு நடந்த ஊரில் 'ரப்பர்' என்ற சொல்லை விட்டுவிட முடியாது. 'ரப்' என்றால் தேய்த்தல். பென்சில் கோட்டைத் தேய்த்து அழிக்க இந்தப் பொருள் உதவுகிறது என்று ஜோசஃப் பிரீஸ்ட்லி 1770இல் எழுதினார். அந்தச் சிறு வேலையே பொருளுக்குப் பெயராகிவிட்டது. டயரும் குழாயும் காலணியும் பின்னால் வந்தவை. 1877இல் பக்கத்துக் கோலா கங்சாரில் நடப்பட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது என்பதை இவ்வூர்க்காரர்கள் அறிவார்கள். அந்த மரத்துக்கு ஆங்கிலத்தில் 'அழிப்பான்' என்று பெயர் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்கள்? நம் பாட்டிமார் சொன்ன 'கித்தா' மலாய் 'கெத்தா'விலிருந்து வந்தது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போடப் பயன்பட்ட 'கட்டா-பெர்ச்சா' என்ற ஆங்கிலப் பெயரின் முன்பாதியும் அதே 'கெத்தா'தான்.

ஒலி ஒத்திருந்தால் உறவாகுமா?

இங்கேதான் நம்மவர்கள் மிகுதியாக வழுக்கி விழுகிறார்கள். ஆங்கிலத்தின் 'கேஷ்' நம் 'காசு'விலிருந்து வந்தது என்று மேடைகளில் கேட்டிருப்பீர்கள். அகராதியைத் திறந்தால் 'கேஷ்' என்ற தலைப்பில் இரண்டு தனித்தனிப் பதிவுகள் இருக்கும். கையிருப்புப் பணம் என்ற பொருளுடையது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. லத்தீனில் பெட்டிக்கு வழங்கிய சொல் வரைக்கும் அதன் வழி தெளிவாகத் தெரிகிறது. நம்முடைய காசு இரண்டாவது பதிவில் இருக்கிறது. போர்த்துக்கீசியர் அதைக் கேட்டு 'காய்ஷா' என்று எழுத, கீழ்த்திசையின் சிறு நாணயங்களுக்கெல்லாம் ஆங்கிலேயர் 'கேஷ்' என்று பெயர் வைத்தார்கள். நடுவில் சதுரத் துளையிட்ட சீன நாணயமும் ஆங்கிலத்தில் 'கேஷ்' ஆனது அப்படித்தான். மேடையில் சொல்லப்படும் பெருமையைவிட, சீன நாணயத்துக்கு ஆங்கிலேயன் தமிழ்ப் பெயர் வைத்துக் கூப்பிட்டான் என்பதே எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

'ஒன்' என்பது 'ஒன்று' என்பதிலிருந்து வந்தது என்பதும் இத்தகையதே. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: சொல்லின் பழைய வடிவத்தைப் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்'; ஜெர்மனில் 'ஐன்', லத்தீனில் 'ஊனுஸ்'. தனியாக என்ற பொருளுடைய 'அலோன்', மட்டும் என்ற பொருளுடைய 'ஓன்லி' ஆகிய இரண்டிலும் உள்ளே ஒளிந்திருப்பது இதே எண்ணுப்பெயர்தான். இன்றைய 'வன்' என்ற உச்சரிப்பு பின்னால் ஒட்டிக்கொண்டது என்பதை அவை காட்டிக்கொடுக்கின்றன. இன்றைய ஒலியை இன்றைய ஒலியோடு ஒப்பிடுவது, ஒரே நிறச் சட்டை போட்ட இருவரை அண்ணன் தம்பி என்று முடிவுகட்டுவதற்கு ஒப்பாகும்.

தமிழிலிருந்து உறுதியாகப் போனவை நமக்குப் போதுமான அளவு இருக்கின்றன: கறி, சுருட்டு, மிளகுத்தண்ணீர், கட்டுமரம். வில்லியம் டாம்பியர் என்ற மாலுமி 1697இல் வெளியிட்ட பயணநூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை விவரித்திருக்கிறார். இன்று சுற்றுலாத் துறைமுகங்களில் 'கேட்டமரான்' என்று நிற்கும் இரட்டை உடல் படகு அதுவல்ல. மரங்களைக் கயிற்றால் கட்டிய மிதவைக்குரிய பெயர் வேறு வகைக் கலத்துக்கு மாறிப் போயிற்று. 'கூலி' என்ற சொல்லுக்கு அகராதிகள் இரண்டு வழிகளைச் சொல்லும்: ஒன்று தமிழ்க் கூலி, மற்றொன்று குஜராத்தின் கோலி மக்களின் பெயர். இரண்டையும் எழுதுங்கள். 'பரையா' என்ற ஆங்கிலச் சொல் பறையர் என்பதிலிருந்து போனது என்பதில் ஐயமில்லை. ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் அதை ஆங்கிலக் கட்டுரையில் எளிதாகத் தூவும் மாணவனிடம், அது மனிதர்களின் பெயர் என்பதைச் சொல்லி, வேறு சொல்லைத் தேடச் செய்வது ஆசிரியரின் கடமை.

மரபுத்தொடருக்கு: யார் வேலைக்களத்தில் பிறந்தது?

தொடர்களுக்கு ஒரு கேள்வி கூடுதலாக வேண்டும். 'டெட்லைன்' 1864இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் இருந்த ஒரு கோடு. கைதி அதைத் தாண்டினால் காவலர் சுடுவார். செய்தித்தாள் அலுவலகங்கள் அதைக் கெடுநேரம் என்ற பொருளில் பின்னால் எடுத்துக்கொண்டன. 'ரீட் தி ரயட் ஆக்ட்' 1715இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தைச் சேர்ந்தது. பன்னிரண்டு பேர் அல்லது அதற்கு மேல் கலகமாகக் கூடினால் அதிகாரி ஓர் அறிவிப்பை உரக்கப் படிப்பார், ஒரு மணி நேரத்துக்குள் கலைய வேண்டும். இன்று தாய் பிள்ளையைக் கண்டிப்பதற்கும் இதே தொடர்தான். வேலைநிறுத்தத்துக்கு வழங்கும் 'ஸ்டிரைக்' 1768இல் லண்டனில் மாலுமிகள் கப்பலின் பாய்களை இறக்கிவிட்டு வேலையை நிறுத்தியதிலிருந்து வந்தது. பாயை இறக்குவதற்கு அவர்களுடைய தொழிலில் அதுதான் சொல்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் விரிவாகச் சொல்வது 'பாய்காட்' பற்றித்தான். கேப்டன் சார்லஸ் பாய்காட் அயர்லாந்தின் மேயோ வட்டாரத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களை நிர்வகித்தவர். நம் வழக்கில் சொன்னால், முதலாளி எங்கோ இருக்க, இடத்தில் இருந்து ஆள்கிற துரை. 1880இல் விளைச்சல் பொய்த்தபோது குடியானவர்கள் குத்தகையைக் குறைக்கக் கேட்டார்கள். பிரபுவும் பாய்காட்டும் அவர்கள் கேட்ட அளவுக்குக் குறைக்காமல், குத்தகை கட்டாதவர்களை வெளியேற்ற முயன்றார்கள். அதன்பின் ஒருவரும் பாய்காட்டை அடிக்கவில்லை. அறுவடைக்கு ஆள் வரவில்லை. வீட்டு வேலைக்காரர்கள் விலகினார்கள். கடைக்காரர் பொருள் கொடுக்கவில்லை. கடிதமும் ஒழுங்காக வரவில்லை. வெளியூரிலிருந்து ஐம்பது பேரை வரவழைத்துக் கிழங்கும் கதிரும் எடுத்தபோது, அவர்களைக் காக்க ஏறத்தாழ ஆயிரம் படைவீரர்களும் காவலர்களும் நிற்க வேண்டியிருந்தது. விளைச்சலின் விலையைவிடக் காவலின் செலவு பல மடங்கு. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அவருடைய குடும்பப்பெயர் வினைச்சொல்லாகி லண்டன் செய்தித்தாள்களில் ஏறிவிட்டது. மலாய் 'போய்கோட்' வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த போராட்டம் பாய்காட்டா, ஸ்டிரைக்கா என்று ஒரு மாணவி கேட்டாள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கக் கேட்டதும் அப்போராட்டக் கோரிக்கைகளில் ஒன்று. வேலையை நிறுத்துவது ஸ்டிரைக், உறவையும் கொடுக்கல் வாங்கலையும் நிறுத்துவது பாய்காட் என்று விளக்கி, ஊர் தள்ளிவைத்தல் என்ற நம் பழைய வழக்கை அவளுக்கு நினைவூட்டினேன். பொருள் வேறுபாடு அவளுக்கு அப்படித்தான் தெளிவாயிற்று.

தமிழில் இணை தேடும்போது கவனம் வேண்டும். நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது என்ற தொடருக்குக் கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பது அச்சாகப் பொருந்தும். பானை கெண்டியைக் கறுப்பு என்றதற்கு ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை இருக்கிறது. ஆனால் 'ஸ்கேப்கோட்' என்பதைப் பலிகடா என்று மொழிபெயர்ப்பதில் ஒரு நெருடல் இருக்கிறது. வில்லியம் டிண்டேல் 1530இல் லேவியராகமத்தை மொழிபெயர்த்தபோது உண்டாக்கிய சொல் அது. அந்த அதிகாரத்தில் இரண்டு ஆடுகள் வருகின்றன: ஒன்று பலியாகிறது, மற்றொன்று மக்களின் பாவங்களைச் சுமந்துகொண்டு உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பப்படுகிறது. ஆங்கிலத் தொடர் இரண்டாவது ஆட்டைப் பற்றியது. முனியாண்டி கோயில் திருவிழாவில் வெட்டுப்படும் கிடா முதல் ஆட்டைப் போன்றது. தமிழ் வேதாகமம் இதை உணர்ந்து 'போக்காடு' என்று அருமையான சொல்லைத் தந்திருக்கிறது. பேச்சுவழக்கில் அது பரவாமல் போனது நமக்கு இழப்புதான்.

குறிப்பேடு

ஒரு பக்கத்தில் ஐந்து கட்டங்கள் போடுங்கள்: சொல், முதல் ஆண்டு, வந்த வழி, முதற்பொருள், அகராதி காட்டும் ஐயம். கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். 'இருக்கலாம்', 'ஒருவேளை' ஆகிய சொற்களை அகராதி காரணமில்லாமல் எழுதுவதில்லை. கீழ்த்திசைச் சொற்களுக்கு ஹென்றி யூல், ஏ. சி. பர்னெல் இருவரும் தொகுத்து, 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற அகராதி இன்றும் உதவும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் அதுவும் தமிழ்ப் பேரகராதியும் இலவசமாகக் கிடைக்கின்றன. மலாய்ச் சொற்களுக்கு மலேசிய அரசின் மொழி நிறுவனமான டேவான் பஹாசாவின் இணைய அகராதி இருக்கிறது. ஒரே நூலை நம்பாமல், இரண்டு அகராதிகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே பேனாவைத் திறக்க வேண்டும். அதுவரை பென்சில் போதும்.

பயிற்சியைத் தோட்டத்துச் சொற்களிலிருந்தே தொடங்கச் சொல்கிறேன். தோட்ட அலுவலக எழுத்தரைக் குறிக்கும் 'கிராணி' ஆங்கிலச் சொல் என்று பலர் எண்ணுகிறார்கள். அது இந்தி வழக்கிலிருந்து வந்தது, மலாயில் 'கெராணி' ஆயிற்று. 'டிரசர்' என்றால் இன்றைய பிள்ளைகள் அகராதியில் கண்ணாடி வைத்த மேசையைக் கண்டு திகைக்கிறார்கள். காயத்துக்குக் கட்டுப்போடுபவர் என்ற பொருள் அதே பதிவில் சற்றுக் கீழே இருக்கிறது. அதிகாலை இருட்டில் ஆள் கணக்கெடுக்க வரிசையாக நிற்கவைத்த 'பெரட்டு', படைவீரர் அணிவகுப்பின் 'பரேடு'. தமிழ்ப் 'பிரட்டுதல்' என்பதோடு அதற்கு உறவில்லை என்று நான் சொன்னபோது, நியூஸ் கதையைக் கொண்டுவந்த அதே மாணவன் கையைத் தூக்கினான்.

"எந்த வருசத்துலேர்ந்து ஐயா அப்படிச் சொல்றாங்க?"

அச்சிட்ட அகராதி எதிலும் அவனுக்கு விடை கிடைக்கவில்லை. இரண்டாவது கட்டத்தைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்துவிட்டு, சனிக்கிழமை தன் பாட்டியைக் கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.